வாசலுக்கு வரும் பூனையும் ஐந்து வருடச் சிறையும்

தம்பி, உங்கள் கேள்வியை இப்படித்தான் புரிந்துகொண்டேன். இங்கிலாந்தின் நார்விச் நகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. சாம்பல் நிறப் பூனை ஒன்று தினமும் சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நிற்கிறது. நீங்களும் அறை நண்பர்களும் பாலும் மீனும் வைக்கிறீர்கள். மழை நாளில் அது உள்ளேயே படுத்துத் தூங்கிவிடுகிறது. வேலையிடத்தில் ஒருவர் "அடுத்தவர் பூனையை வைத்திருந்தால் இங்கே ஐந்து வருடம் ஜெயில்" என்று சொல்ல, விசாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துபோயிருக்கிறீர்கள். கூடவே இன்னொன்றும் கேட்டீர்கள்: உள்ளூர்ப் பேப்பரைத் திறந்தால் காணாமல் போன பூனை, தின்பண்டம் பறித்த கடற்காகம் என்றே இருக்கிறதே, இவர்களுக்கு வேறு செய்தியே இல்லையா?

முதலில் பயத்தைத் தீர்க்கிறேன். வாசலுக்கு வந்த பூனைக்கு மீன் வைத்ததற்காக யாரும் உங்களைப் பிடித்துப்போக மாட்டார்கள்.

ஆனால் அவர் சொன்ன சட்டம் உண்மைதான். செல்லப்பிராணி கடத்தல் சட்டம் என்று பெயர். 2024 மே மாதம் அரச ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 24 முதல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறையில் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். அதிகபட்சத் தண்டனை 5 வருடச் சிறை.

இந்தச் சட்டத்தில் நாய்க்கு ஒரு கணக்கு, பூனைக்கு வேறு கணக்கு. நாயை எடுத்துப்போவதும் குற்றம், பிடித்து வைத்துக்கொள்வதும் குற்றம். பூனை விஷயத்தில் எடுத்துப்போவது மட்டுமே குற்றம். பிடித்து வைத்திருப்பதை இந்தச் சட்டம் சேர்க்கவில்லை. காரணம் எளிது. இங்கே நாய் தனியாகத் தெருவில் திரியாது. பூனையோ நாலு வீடு ஏறி இறங்கி, ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் தூங்கும். அது உள்ளே வந்து படுத்ததற்கெல்லாம் வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்கினால் பாதி ஊர் மாட்டிக்கொள்ளும். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரியும்போது ஒருவர் அந்த வீட்டு நாயையோ பூனையையோ எடுத்துப்போனாலும் இது பொருந்தாது. அடிபட்ட பூனையை மருத்துவரிடம் தூக்கிப்போவது போன்ற நியாயமான காரணம் இருந்தாலும் குற்றமாகாது.

அதற்காக அந்தப் பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1968ஆம் வருடத் திருட்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. அதன் பார்வையில் பூனை ஒருவருடைய சொத்து. கழுத்துப்பட்டையைக் கழற்றிப் புதுப் பெயர் வைத்து, வீடு மாறும்போது கூடவே கொண்டுபோனால் அந்தச் சட்டம் வரும். அதில் அதிகபட்சம் 7 வருடம். பழைய சட்டத்தில் 7, புதியதில் 5 என்றால் புதிய சட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். திருட்டு வழக்கில் தண்டனையை நிர்ணயிக்கும்போது திருடுபோன பொருளின் பணமதிப்பையும் பார்ப்பார்கள். பத்து வயதுக் கிழட்டு நாய்க்குச் சந்தையில் என்ன விலை? ஆனால் அதை வளர்த்த பாட்டிக்கு? இந்த இடைவெளியைத்தான் பலர் வருடக்கணக்காகச் சுட்டிக்காட்டி வந்தார்கள். லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்த மனுக்களால் 2020 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஊரடங்குக் காலத்தில் எல்லோரும் நாய்க்குட்டி தேடியதால் விலை ஏறி, திருட்டும் பெரிய பேச்சானது. 2020இல் மட்டும் சுமார் 2,000 நாய்த் திருட்டும் 400க்கு மேல் பூனைத் திருட்டும் போலீசில் பதிவாகியிருப்பதாக அரசு மதிப்பிட்டது. 2021இல் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் இந்தச் சட்டம்.

எனக்கு மிகவும் பிடித்த பிரிவு ஒன்று அந்த 1968 சட்டத்திலேயே இருக்கிறது. நாய் தொலைந்துவிட்டது, போஸ்டர் ஒட்டுகிறீர்கள். "கண்டுபிடித்துத் தந்தால் சன்மானம்" என்று தாராளமாக எழுதலாம். "எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்" என்று சேர்த்தால் அதுவே குற்றம். எழுதியவருக்கும் அபராதம், அச்சிட்டவருக்கும் அபராதம். நாய்க்கு மட்டுமல்ல, தொலைந்த எந்தப் பொருளுக்கும் இதுதான். விக்டோரியா காலத்து லண்டனில் பணக்கார வீட்டு நாய்களைத் தூக்கிக்கொண்டு போய், விலை பேசித் திருப்பித் தருவதையே தொழிலாக வைத்திருந்த கும்பல்கள் இருந்தன. கவிஞர் எலிசபெத் பாரெட் வளர்த்த ஃப்ளஷ் என்ற நாயை மூன்று முறை திருடினார்கள். 1846இல் மூன்றாவது முறை திருடுபோனபோது, வீட்டார் தடுத்தும் கேட்காமல், உடம்பு முடியாத அந்தப் பெண் தானே திருடர்கள் இருந்த கிழக்கு லண்டனின் ஷோர்டிச் பக்கம் வண்டியில் போய் நாயைத் திருப்பிக் கேட்டார். கடைசியில் பணம் கொடுத்துத்தான் மீட்க முடிந்தது. கேள்வி கேட்காமல் பணம் கொடுப்பவர் இருக்கும்வரை அந்தத் தொழில் ஓயாது. அந்தப் பிரிவைப் படித்தபோது எனக்கு அந்த நாள் லண்டன்தான் நினைவுக்கு வந்தது.

சரி, பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த நாட்டில் முதல் வேலை ஒரு துறைமுக ஊரில், பிளிமத்தில். 2009இல் அங்கே காஸ்பர் என்ற பூனையைப் பற்றிய செய்தி வந்தது. வீட்டுக்கு எதிர் நிறுத்தத்தில் மனிதர்களோடு வரிசையில் நின்று, பஸ்ஸில் ஏறி, இருக்கையில் சுருண்டு படுத்து, ஊரைச் சுற்றி அதே நிறுத்தத்துக்குத் திரும்பி வரும். ஓட்டுநர்கள் அதைச் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்கள். அடுத்த ஜனவரியில் ஒரு கார் அடித்துச் செத்துப்போனது. அன்று மதிய இடைவேளையில், மூன்று மாதமாக என்னிடம் "ஹலோ"வுக்கு மேல் பேசாத சக ஊழியர் ஒருவர் பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்து, தன் பூனை போன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினோம். இந்த ஊர்க்காரர் ஒருவர் மனம்விட்டு என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை நான் தாண்டிப்போனதில்லை.

2012 ஆகஸ்டில் எசெக்ஸில் செயின்ட் ஆசித் கிராமத்துப் பக்கம் சிங்கத்தைப் பார்த்ததாகச் சிலர் சொல்ல, ஹெலிகாப்டர், ஆயுதப் போலீஸ், மிருகக்காட்சிசாலை ஆட்கள் என்று ஒரு நாள் முழுக்கத் தேடினார்கள். சிங்கம் இல்லை. பெரிய வளர்ப்புப் பூனையாக இருக்கும் என்று முடித்தார்கள். 2019இல் எய்ல்ஸ்பரி அருகே ஒரு கடற்காகம் பறக்க முடியாமல் ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது. ஏதோ அபூர்வப் பறவை என்று நினைத்தால், உடம்பெல்லாம் குழம்போ மஞ்சள்தூளோ அப்பியிருந்ததாம். விலங்கு மருத்துவமனையில் கழுவி வெள்ளையாக்கினார்கள். மஞ்சள் கறை பட்ட சட்டையைத் துவைத்த யாருக்கும் அந்த வேலையின் கஷ்டம் புரியும். இப்படிச் செய்திகள் ஆகஸ்டில்தான் அதிகம் வரும், அப்போது நாடாளுமன்றம் விடுமுறையில் இருக்கும். பெரிய செய்திகளையும் இவர்கள் அச்சிடத்தான் செய்கிறார்கள். ஆனால் பக்கத்துத் தெரு ஆளோடு பேச்சைத் தொடங்க எனக்குக் கைகொடுத்தவை இந்தச் சின்னச் செய்திகள்தான்.

நீங்கள் கார் ஓட்டக் கற்கப்போவதாக எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். வண்டியில் நாய் அடிபட்டால் நின்று விவரம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் போலீசில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, வெள்ளாடு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பூனை இல்லை. சட்டத்தில் இல்லாவிட்டாலும் நின்று பாருங்கள். பக்கத்து வீடுகளில் கதவைத் தட்டிக் கேளுங்கள். அதேபோல் தெருவில் தனியாக நாய் வந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உரிமையாளரிடம் சேர்க்க வேண்டும், அல்லது கவுன்சிலில் (உள்ளூர் நிர்வாகத்தில்) தெருநாய்களைக் கவனிக்கும் நாய் வார்டனிடம் சொல்ல வேண்டும். இது சட்டப்படி உங்கள் கடமை. பூனைக்குக் கவுன்சிலுக்கு அப்படிப் பொறுப்பு இல்லை.

உங்கள் சாம்பல் பூனைக்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு காகிதப் பட்டையில் "எனக்கு வீடு இருக்கிறதா? இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்" என்று எழுதி, இழுத்தால் கிழிந்துவிடும்படி கழுத்தில் லேசாக ஒட்டுங்கள். பூனைத் தொண்டு அமைப்புகள் சொல்லித்தரும் வழி இது. பெரும்பாலும் ஓரிரு நாளில் போன் வரும். வராவிட்டால் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பல இடங்களில் பணம் வாங்காமலே, உரிமையாளரைக் கண்டறியத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பைப் பார்த்துச் சொல்வார்கள். 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் வளர்ப்புப் பூனைக்குச் சிப் கட்டாயம், இல்லாவிட்டால் உரிமையாளருக்கு 500 பவுண்டு வரை அபராதம் போடலாம். ஆகவே வீடு இருந்தால் தெரிந்துவிடும்.

அதுவரை உணவையும் நிறுத்திவையுங்கள். அதற்குச் சர்க்கரை நோய் இருக்கலாம், அளவான சாப்பாட்டில் இருக்கலாம், சொந்தக்காரர் அங்கே தட்டை வைத்துக் காத்திருக்கலாம். பால் எப்போதுமே வேண்டாம் தம்பி. நம் ஊர்ப் பழக்கம்தான், ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும். போன் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.