கறையான் எறும்பின் உறவா?

ஐயாவுக்கு வணக்கம். மழை விட்ட இரவில் எங்கள் வீட்டு விளக்கைச் சுற்றி ஈசல்கள், அதாவது இறகு முளைத்த கறையான்கள், மொய்த்தன. எறும்புச் சகோதரிகளுக்கிடையே மரபணுவில் முக்கால் பங்கு பொதுவாக இருப்பதால்தான் அவற்றின் கூட்டு வாழ்வு தோன்றியது என்று படித்திருக்கிறேன். கறையானுக்கும் அந்த விளக்கம் பொருந்துமா?
– வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

பொருந்தாது. கறையானை வெள்ளை எறும்பு என்று அழைக்கும் வழக்கமே குழப்பத்தைத் தொடக்கிவைக்கிறது. எறும்பு குளவிகளின் வழிவந்தது. கறையானோ கரப்பான் பூச்சிகளின் வழிவந்தது. அரசியும் வேலையாட்களும் கொண்ட அமைப்பு இவ்விரு குலங்களிலும் தனித்தனியே தோன்றியது.

நீங்கள் படித்த கணக்கு 1964இல் பிரித்தானிய உயிரியலாளர் ஹாமில்டன் முன்வைத்தது. எறும்புகளில் ஆண் கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால், தந்தையின் மரபணுக்கள் முழுவதும் எல்லா மகள்களுக்கும் அப்படியே போய்ச் சேர்கின்றன. முக்கால் பங்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் அதே கணக்கின்படி சகோதரனோடு அவர்களுக்குள்ள பங்கு கால்தான். இரண்டின் சராசரி அரை. சொந்தப் பிள்ளையோடு உள்ள பங்கும் அதுவே. கறையானிலோ ஆணும் பெண்ணும் கருவுற்ற முட்டையிலிருந்தே பிறப்பதால் முக்காலுக்கு இடமே இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ஒரே துணையோடு வாழும் தாய். எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றில் 267 இனங்களை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு, கூட்டு வாழ்வு தோன்றிய காலத்தில் தாய் ஒரே ஆணோடுதான் கூடினாள் என்று காட்டியது. அப்போது உடன்பிறப்பை வளர்ப்பதும் சொந்தப் பிள்ளையை வளர்ப்பதும் மரபணுக் கணக்கில் சமமாகிவிடுகின்றன. தனியே கூடு கட்டுவதைவிடப் பிறந்த கூட்டில் தங்குவது சற்றே இலாபமாக இருந்தாலும் போதும்.

கறையான் வந்த வழியை இன்றும் காணலாம். அதன் மிக நெருங்கிய உறவான மரக்கரப்பான், வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் உக்கும் மரங்களுக்குள் சோடியாகக் குடும்பம் நடத்துகிறது. மரத்தைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்குப் பிறப்பில் இல்லை. பெற்றோரின் பின்புறத்திலிருந்து கசியும் திரவத்தை உண்டுதான் அவை அவற்றைப் பெறுகின்றன. ஆகவே குஞ்சுகள் பெற்றோரை விட்டு உடனே பிரிய முடியாது. இந்தக் கட்டாயத்தில்தான் கறையான் சமூகத்தின் வித்து இருந்தது என்று நான் கருதுகிறேன். (நம் நாட்டில் புற்றுக் கட்டும் கறையான்களின் முன்னோர் பின்னர் அந்த நுண்ணுயிர்களை இழந்து, புற்றுக்குள் பூஞ்சணம் வளர்க்கத் தொடங்கிவிட்டனர்.)

அடுத்த முறை ஈசல் வரும்போது, விளக்கை விட்டுத் தரையைப் பாருங்கள். இறகுதிர்த்த இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நடந்து மண்ணில் குழி தேடும். எறும்புகளில் ஆண் கூடியபின் இறந்துவிடுகிறது; இங்கே தப்பிப் பிழைக்கும் சோடியில் ஆணும் அரசனாக அரசியோடு கூட்டிலேயே வாழ்கிறது.