கொம்பில் சிக்கும் பிள்ளை

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் வாய்க்கணக்கைப் பட்டென்று சொல்கிறான். வாசிப்பில்தான் தடுமாற்றம். 'தேன்' என்று எழுதச் சொன்னால் 'தனே' என்று வருகிறது. சோம்பேறித்தனமா, குறைபாடா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: சோம்பேறி என்ற பேச்சை முதலில் விடுங்கள். 'தே' என்னும்போது காதில் 'த்' முன்னால் விழுகிறது, 'ஏ' பின்னால். எழுத்திலோ கொம்பு முன்னால் நிற்கிறது. உங்கள் மகன் கேட்ட வரிசையில் எழுதுகிறான். ஒன்றாம் வகுப்பில் இது சகஜம். மூன்றிலும் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

கண், காது பரிசோதனை முதலில். பிறகு தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் தடுமாறவைக்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (Specific Learning Disability) 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. சோதித்துச் சான்று தருவது மருத்துவக் குழு. பள்ளியோ டியூஷன் அக்காவோ முடிவுசெய்வது அல்ல.

வீட்டில் தினமும் 10 நிமிடம் போதும். அட்டையில் 'த' போன்ற எழுத்தைக் கறுப்பிலும் கொம்பைச் சிவப்பிலும் எழுதி வெட்டுங்கள். 'த' அட்டையை வைத்துச் சொல்லட்டும். அதன் இடப்பக்கம் கொம்பைச் சேர்த்து 'தே' என்று சொல்லட்டும். பிறகு தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதட்டும். ஒரு வாரம் இரட்டைக்கொம்பு மட்டும். ஒற்றையையும் சேர்த்துத் தந்தால் இரண்டும் குழம்பும்.

50 தடவை இம்போசிஷன் வேண்டாம். கொம்பை மட்டும் வரிசையாக 50 இழுத்துவிட்டு, அப்புறம் எழுத்தை நிரப்புவான். கை வலிக்கும், வாசிப்பு வராது. வகுப்பில் கேள்வியை ஆசிரியர் வாசித்துக்காட்டி, பதிலை வாய்மொழியாக வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.