கடலோர வீட்டு வாசல் லைட்டை நாமே மாட்டலாமா?

தங்கச்சிமடத்தில் கடலை ஒட்டி வீடு, வாசல் லைட் துருப்பிடித்து விழுந்துவிட்டது, ஆன்லைனில் பித்தளை லைட் ஒன்று வாங்கிவிட்டேன், சுவரில் வயர் இரண்டுதான் வருகிறது, நானே மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய இடத்திலேயே மாட்டுவதாக இருந்தால் மாட்டலாம். புதிதாக லைன் இழுப்பதென்றால் லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் அந்தப் பித்தளை லைட் வாசலுக்கு வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் கரண்ட்.

எனக்கு ஊர் மண்டபம். நான் எலக்ட்ரீஷியன் இல்லை, சித்தப்பா வயர்மேன், காலேஜ் லீவில் அவர் பின்னால் டெஸ்டர் தூக்கிக்கொண்டு சுற்றியவன், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் ஒருநாள் எங்கள் வீட்டில் மெயினை இறக்கிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறினேன். பவர் கட் ஆகிவிட்டதென்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைப் பார்த்தது. வயரைத் தொட்டதும் முழங்கை வரை சுண்டி இழுத்து, கீழே அம்மா காயப்போட்டிருந்த கருவாட்டுத் தட்டில் போய் உட்கார்ந்தேன். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "மெயினை இறக்கினா ஈபி கரண்டு போகும், பேட்டரி கரண்டு எங்கடா போகும்?" உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. இன்வெர்ட்டரை மட்டும் நிறுத்தினாலும் போதாது, பல இன்வெர்ட்டரில் ஈபி கரண்ட் அதன் வழியாகவே நேராக லைட்டுக்குப் போய்விடும். ஆகவே மெயினையும் இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் யாரும் கை வைக்கக் கூடாதென்று சொல்லிவிட்டு ஏறுங்கள்.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். சுவிட்ச் ஃபேஸ் வயரில் (கரண்ட் வருகிற வயர்) இருக்க வேண்டும், ஆனால் பழைய வீடுகள் சிலவற்றில் மாற்றி நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) போட்டிருப்பார்கள். அப்போது பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். இரவில் அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கினால் இது ஒரு காரணமாக இருக்கலாம் (சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தாலும் அப்படி மினுங்கும், அதனால் உடனே பயப்பட வேண்டாம்). டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் மெயினை இறக்கி இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு லைட் வயர் இரண்டையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள், கடைசியில் மெயினைப் போட்டு மறுபடி அந்தப் பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள். வெயிலில் டெஸ்டர் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது, உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்று நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள், கையில் கிடைத்த வயரைப் போட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

இனி உப்பு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறக்க வேண்டியதாயிற்று, உங்கள் வாசல் லைட் எம்மாத்திரம்! எங்கள் வீட்டுப் பழைய ஹோல்டரைக் கழற்றியபோது திருகின் தலை அவல் மாதிரி உதிர்ந்தது, செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு, சுற்றியிருந்த டேப்பின் பசை உருகிக் கையில் ஒட்டியது. களிம்பு பிடித்த கம்பியைச் சுரண்டி அப்படியே முறுக்கிவிடாதீர்கள். இணைப்பு சரியாகப் பிடிக்காது, சூடாகும், அந்த இடம்தான் கருகும். பளபளவென்று செம்பு தெரியும் வரை பின்னால் வெட்டி எடுத்து, டேப் சுற்றாமல் திருகு வைத்த கனெக்டரில் இறுக்குங்கள். வயரின் நீளம் போதாவிட்டால் உள்ளே இழுத்து மாற்ற ஆளைக் கூப்பிடுவதுதான் வழி.

லைட் வாங்கும்போது ஐபி65 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், தூசியும் சாரலும் உள்ளே போகாது. திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தனியாகக் கேட்டு வாங்குங்கள், டப்பாவில் வருவது சீக்கிரமே துருப்பிடித்துவிடும். சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்திருந்தால் அங்கே துளை போடாதீர்கள், லைட்டின் எடைக்குத் திருகு, அதைப் பிடிக்கச் சுவரில் அடித்த பிளாஸ்டிக் பிளக்கோடு பெயர்ந்து வந்துவிடும். வயர் லைட்டுக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே நுழையட்டும், மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். சுவரோடு சேரும் இடத்தில் மேலேயும் பக்கங்களிலும் சிலிக்கான் பூசி, அடியில் மட்டும் விட்டுவிடுங்கள். நான் முதல் தடவை சுற்றிலும் பூசி, வாடைக் காற்று மழையில் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் லைட் மீன் தொட்டி ஆனது.

சரி, பித்தளை லைட். உலோக உடம்பென்றால் பச்சை எர்த் வயர் கட்டாயம் வேண்டும், உங்களிடம் வருவதோ இரண்டு வயர். உள்ளே ஃபேஸ் எங்காவது உரசினால் லைட் முழுக்க ஷாக், அதுவும் ஈரக் காலோடு வந்து நிற்கிற வாசலில். அங்கே முழுக்க பிளாஸ்டிக்கில், சதுரத்துக்குள் சதுரம் குறி போட்டதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள், அதற்கு எர்த் தேவையில்லை. மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் லைட்டுக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யுங்கள், இருந்தால் மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

பித்தளை லைட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால், எர்த் வருகிற உள் கூடத்தில் மாட்டிக்கொள்ளலாம். அங்கேயும் களிம்பு ஏறும், புளி போட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். தேய்ப்பதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள்.