350-ஐ 383 ஆக்குவதற்கு முன்: கிராங்க் கடைசியில் வரட்டும்

கேள்வி: என்னிடம் 1969 ஷெவர்லே கமாரோ இருக்கிறது. 350 கன அங்குல எஞ்சின், டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்பாக்ஸ், 3.08 விகிதப் பின் அச்சு. எஞ்சினை 383 ஸ்ட்ரோக்கராக (ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், கூட்டிய எஞ்சினாக) மாற்றி 450 குதிரைத்திறன் எடுக்க ஆசை. வார இறுதியில் சாலையில் ஓட்டுவேன், எப்போதாவது கால் மைல் பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோவேன். கிராங்க், ராட், பிஸ்டன் அடங்கிய தொகுப்பு ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒரு டார்ச் விளக்கும் துணியும் எடுத்துக்கொண்டு எஞ்சினிடம் போங்கள். பயணி பக்க ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதிக்கு) முன்னால், பிளாக்கின் மேல்தளத்தில் தட்டையான சிறு பரப்பு ஒன்று இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் அடித்துப் பதித்த எழுத்துகள் தெரியும். சில எஞ்சின்களில் காரின் எண் ஆயில் ஃபில்டர் அருகே பதிந்திருக்கும். எங்கே இருந்தாலும், அந்த எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் உங்கள் காரின் அடையாள எண்ணோடு ஒத்துப்போனால், அது காரோடு பிறந்த எஞ்சின். அதை வெட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்ட்ரோக்கருக்காக மேல்தளத்தைச் சீவும்போது அந்த எழுத்துகளும் சேர்ந்து போய்விடும். பிறகு எந்த விலை கொடுத்தாலும் திரும்பாது. அந்த எஞ்சினைத் துடைத்துப் பத்திரப்படுத்திவிட்டு, வேறு பழைய 350 பிளாக் ஒன்றைத் தேடுங்கள். 3970010 என்ற வார்ப்பு எண் கொண்ட பிளாக்குகள் எழுபதுகள் முழுவதும் வந்தவை, இன்றும் கிடைக்கின்றன. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் மூடிக்கு இரண்டு போல்ட்டா நான்கா என்று பலர் அலைகிறார்கள். 450 குதிரைத்திறனுக்கு நல்ல ஸ்டட் போட்டு, மெயின் பேரிங் துளைகளை ஒரே கோட்டில் தீட்டும் லைன் ஹோனிங் செய்த இரண்டு போல்ட் பிளாக் போதும். அதைவிட முக்கியம், வெடிப்புச் சோதனையும் சிலிண்டர் சுவரின் கனத்தை அளக்கும் சோனிக் சோதனையும். இரண்டிலும் தேறிய பிறகே போரிங்குக்கு, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்குவதற்கு, பணம் கட்டுங்கள்.

383 என்ற அளவு தொழிற்சாலையில் பிறந்ததல்ல. 1970-இல் ஷெவர்லே 400 கன அங்குல சிறிய பிளாக் எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் கிராங்க் ஸ்ட்ரோக் 3.75 அங்குலம், 350-க்கு 3.48தான். ஆனால் 400-இன் மெயின் ஜர்னல் (கிராங்கில் மெயின் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) 2.65 அங்குலம், 350-க்கு 2.45. பந்தயக்காரர்கள் ஜர்னலைக் கடைந்து சிறிதாக்கி 350 பிளாக்கில் பொருத்தினார்கள். சிலிண்டரை 4.030 அங்குலத்துக்கு போரிங் செய்தால் கொள்ளளவு 383, அதாவது சுமார் 6.3 லிட்டர். இன்று 2.45 ஜர்னலோடு தயார் கிராங்குகள் கிடைக்கின்றன. ஆனால் 1986-க்கு முந்தைய பிளாக்குக்குப் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டு, பிறகு வந்தவற்றுக்கு ஒற்றைத் துண்டு. உங்கள் தொகுப்பு எதற்கானது என்று கேட்டீர்களா? எஞ்சினை வெளியிலிருந்து பாலன்ஸ் செய்வதா, உள்ளேயே செய்வதா என்பதும் தெரியவேண்டும். கிராங்கின் முன்முனையில் இருக்கும் டேம்பரும் பின்முனையில் இருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டும் அதற்கேற்றவையாக இல்லாவிட்டால் அதிர்வே பேரிங்குகளைத் தின்றுவிடும்.

ஸ்ட்ரோக் கூடினால் டார்க் (சுழற்றும் விசை) கூடும். குதிரைத்திறன் ஹெட்டிலிருந்து வருகிறது. பழைய இரும்பு ஹெட்டுகளை அப்படியே வைத்தால் குறைந்த சுற்றில் நன்றாக இழுக்கும், நிமிடத்துக்கு 4,500 சுற்றைத் தாண்டியதும் மூச்சு முட்டும். ஆகவே பட்ஜெட்டில் பெரிய பங்கை 195 சிசி அளவு இன்டேக் பாதை கொண்ட நல்ல அலுமினிய ஹெட்டுக்கு ஒதுக்குங்கள். எந்த பிஸ்டன் வேண்டும் என்பதை அந்த ஹெட்தான் சொல்லும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 383-இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 784 சிசி. 64 சிசி அறையுள்ள ஹெட், 5 சிசி வால்வுக் குழிகளோடு தட்டை பிஸ்டன், கேஸ்கெட்டில் 9 சிசி, பிஸ்டன் மேல்தளத்துக்கு 0.025 அங்குலம் கீழே நிற்பதால் இன்னொரு 5 சிசி. கூட்டினால் 83. 784-ஐயும் 83-ஐயும் கூட்டி 83-ஆல் வகுத்தால் கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 10.4. அதே பிஸ்டனுக்கு 76 சிசி ஹெட் போட்டால் 9.2-க்கு இறங்கிவிடும். மேல்தளத்தை அந்த 0.025 சீவிவிட்டால் தட்டை பிஸ்டனோடு விகிதம் 11-ஐத் தொடும்; பங்க் பெட்ரோலுக்கு அது ஆபத்து. நான் சொல்வது: மேல்தளத்தைச் சீவுங்கள், ஆனால் 12 சிசி குழிந்த பிஸ்டன் எடுங்கள். விகிதம் 10.2 அளவில் நிற்கும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே கேஸ்கெட் கனமான 0.040 அங்குலம் மட்டுமே எஞ்சும். அந்த நெருக்கம் கலவையைக் கலக்கி நாக்கிங்கை, அதாவது கலவை தாறுமாறாக வெடிப்பதை, தடுக்கும். 93 ஆக்டேன் பெட்ரோலில் அலுமினிய ஹெட்டுக்கு இது நிம்மதியான இடம். ராட் 5.7 அங்குலமே போதும். 6 அங்குல ராட் வாங்கினால் பிஸ்டன் பின் ஆயில் ரிங் பள்ளத்துக்குள் ஏறிவிடும். சாலைக் காருக்கு அதில் பெரிய லாபமில்லை.

உதிரிகள் வந்ததும் எண்ணெய் தடவி ஒருமுறை வெறுமனே பூட்டிப் பாருங்கள். கிராங்க், ஒரு ராட், பிஸ்டன், கேம்ஷாஃப்ட், டைமிங் செயின் ஆகியவற்றை மட்டும் போட்டு, ஒவ்வொரு சிலிண்டராகக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நீண்ட ஸ்ட்ரோக்கில் ராட் போல்ட்டின் தலை இரண்டு இடங்களில் இடிக்கும்: ஆயில் சம்ப் பொருந்தும் விளிம்பின் உட்பக்கம், சிலிண்டரின் அடிவிளிம்பு. அங்கே 0.060 அங்குலம் இடைவெளி வேண்டும். ஃபீலர் கேஜ் நுழையவில்லை என்றால் மார்க்கரால் குறியிட்டு அரைக்க வேண்டும். ராட் தோளுக்கும் கேம் மடலுக்கும் இடையே 0.050 குறையக் கூடாது. குறைந்தால் ஸ்ட்ரோக்கருக்கென்றே தோள் குறைத்த ராட் வாங்குங்கள். அரைக்கும் வேலை முழுவதும் இறுதிக் கழுவலுக்கு முன்பே முடியவேண்டும், ஏனென்றால் ஒரு சிட்டிகை இரும்புத்தூள் போதும் புது பேரிங்கைக் கெடுக்க. ஹெட்டை வைத்து, பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி வால்வு இடைவெளியையும் பாருங்கள்: இன்டேக் 0.080, எக்ஸாஸ்ட் 0.100.

கேம்ஷாஃப்டுக்கு ஹைட்ராலிக் ரோலரே என் தேர்வு. வால்வைத் தள்ளும் லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த நிலையில் அளந்தால், திறந்திருக்கும் அளவு 224 முதல் 230 டிகிரி போதும். அந்தக் காலப் பிளாக்கில் இணைப்புத் தண்டுள்ள லிஃப்டர்கள் வேண்டும், டிஸ்ட்ரிப்யூட்டர் கியரும் கேம் உலோகத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். 6,000 சுற்றில் 383 இழுக்கும் காற்று சுமார் 665 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). 750 கார்புரேட்டரும் இரட்டைத் தள மேனிஃபோல்டும் பொருந்தும்.

எஞ்சினுக்கு வெளியேயும் செலவு காத்திருக்கிறது. இந்தக் கேமுக்கு 2,400 முதல் 2,800 சுற்றில் பிடிக்கும் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைப்பது) வேண்டும். 3.08 அச்சோடு கிளம்பும்போது கார் சோம்பலாக இருக்கும், 3.55 அல்லது 3.73 போடுங்கள். முழு வேகத்தில் மணிக்கு 140 லிட்டர் அளவு பெட்ரோல் குடிக்கும் என்பதால் குழாய் 3/8 அங்குலம் இருக்கட்டும். அந்த வருடக் கமாரோக்கள் பலவற்றுக்கு முன்பக்கமும் டிரம் பிரேக்தான். உங்கள் காரும் அப்படியென்றால், டிஸ்க்குக்கான பணத்தை ஹெட்டுக்கு ஒதுக்கும்போதே சேர்த்து ஒதுக்குங்கள்.