‘தள்ளுபடி செய்யவில்லை’ என்கிறார் நிதியமைச்சர். அப்படியானால் என் கடன் என்ன ஆயிற்று?

கேள்வி: சோமனூரில் எட்டு விசைத்தறிகள் வைத்துக் கூலிக்கு நெய்துகொடுக்கிறேன். தறிகளை ஈடாகக் காட்டி வங்கியில் 9 லட்ச ரூபாய் கடன் வாங்கினேன். தொழில் படுத்ததால் சில ஆண்டுகளாகத் தவணை கட்ட முடியவில்லை. போன வாரம் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் கணக்கு ‘தொழில்நுட்ப ரீதியாகத் தள்ளுபடி’ செய்யப்பட்டுவிட்டதாம். மக்கள் நீதிமன்றத்துக்கு வந்து சமரசம் பேசவும் என்றும் அதிலேயே இருக்கிறது. தள்ளுபடி ஆன கடனுக்கு எதற்குச் சமரசம்? நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் ‘பெருமுதலாளிகளுக்குப் பத்து லட்சம் கோடி தள்ளுபடி’ என்கின்றன. நிதியமைச்சரோ ‘ஒருவருக்கும் தள்ளுபடி செய்யவில்லை’ என்று பதில் சொல்கிறார். யார் சொல்வதை நம்புவது? நான் பணம் கட்ட வேண்டுமா, வேண்டாமா?

பதில்: கட்ட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைப் போலவே ‘தள்ளுபடி’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்துவிட்டு, பிறகு நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கி வாசலில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரசு வங்கி ஒன்றில் கடன் வசூல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் ஏமாந்தது பேராசையால் அல்ல, ஒரு சொல்லால்.

தமிழில் ‘தள்ளுபடி’ என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு செயல்களுக்குப் பயன்படுத்துகிறோம். தமிழக அரசு 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். அதில் விவசாயியின் பொறுப்பு முடிந்தது. அந்தச் சுமையை அரசு ஏற்றுக்கொண்டது. உண்மையான தள்ளுபடி அதுதான். உங்களுக்கு வந்த கடிதத்தில் இருப்பது வேறு. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடநூலைப் புரட்டிப் பார்த்தால் அதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது: ‘போக்கெழுதுதல்’. வராது என்று தெரிந்த கடனை ஏட்டிலிருந்து எடுத்துவிடுவதுதான் அது. இந்த நல்ல சொல் பாடநூலோடு நின்றுபோய், செய்திகள் இரண்டையும் ‘தள்ளுபடி’ என்றே எழுதுவது எனக்குத் தீராத வருத்தம்.

உங்கள் கணக்கில் நடந்தது இதுதான். தவணை 90 நாள் தவறியதும் அது வாராக்கடன் ஆனது. அன்று முதல் வங்கி தன் லாபத்தில் ஒரு பகுதியை உங்கள் கடனுக்கு ஈடாக ஒதுக்கிவைக்கத் தொடங்கியது. ஆண்டு ஏற ஏற ஒதுக்கீடும் ஏறியது. நான்கு ஆண்டுகள் ஆகி, முழுத்தொகைக்கும் ஒதுக்கீடு செய்து முடித்ததும், வங்கி உங்கள் கடனை ஐந்தொகையிலிருந்து, அதாவது தன் சொத்தையும் பொறுப்பையும் காட்டும் கணக்கறிக்கையிலிருந்து, எடுத்துவிட்டது. வங்கியின் பக்கம் கணக்கு சுத்தமாகிறது, வரியில் சலுகையும் கிடைக்கிறது. ஆனால் உங்கள் பெயரில் உள்ள கடன் கணக்கு கிளையில் உயிரோடுதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாக வரையறுத்தது: தொழில்நுட்பப் போக்கெழுதல் என்பது கணக்கு வசதிக்காக மட்டுமே, கடன்காரர் மீதுள்ள உரிமை எதையும் வங்கி விட்டுக்கொடுக்கவில்லை.

இனி நாடாளுமன்றத்துக்கு வருவோம். 2022 டிசம்பர் 13 அன்று மாநிலங்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் எழுத்துமூலம் ஒரு பதில் அளித்தார். அதற்கு முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் போக்கெழுதிய தொகை 10,09,511 கோடி ரூபாய். எதிர்க்கட்சிகள் சொல்லும் பத்து லட்சம் கோடி இந்தப் பதிலில் இருந்து வந்ததுதான். அரசே கொடுத்த எண். அதே பதிலில் அமைச்சர், கடன் வாங்கியவர்களின் பொறுப்பு தொடர்கிறது, வசூல் நடவடிக்கைகளும் தொடர்கின்றன, எனவே போக்கெழுதுவதால் கடன்காரருக்கு ஆதாயம் இல்லை என்றார். சட்டப்படி அதுவும் சரி. இன்னொரு எண்ணும் அதில் இருந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் வங்கிகள் மொத்தமாக வசூலித்தது 6,59,596 கோடி ரூபாய். அதில் போக்கெழுதிய கணக்குகளிலிருந்து திரும்பியது 1,32,036 கோடி.

மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசுத் தரப்பு ஆறரை லட்சம் கோடி வசூலை முன்னால் வைக்கும்; எதிர்த்தரப்பு பத்து லட்சம் கோடி ‘தள்ளுபடி’யை முன்னால் வைக்கும். உண்மையில் ஒப்பிட வேண்டியது பத்து லட்சம் கோடியையும் ஒன்றேகால் லட்சம் கோடிக்குச் சற்று மேலான அந்த மூன்றாவது எண்ணையும். ஏறக்குறைய 13 சதவீதம். இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும்: திரும்பிவந்த பணத்தில் அந்த ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே போக்கெழுதிய கடன்களின் வசூலும் கலந்திருக்கும். ஆகவே இது துல்லியமான விகிதம் அல்ல, போக்கைக் காட்டும் குறி. என் தீர்ப்பைக் கேட்டால், ‘தள்ளுபடி’ என்ற எதிர்க்கட்சியின் சொல் தவறு. அவர்கள் எழுப்பும் கேள்வி மிகச் சரி. பொறுப்பு காகிதத்தில் தொடர்கிறது, பணம் கைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. இதற்கிடையில் 2016-17 முதல் 2020-21 வரை பொதுத்துறை வங்கிகளுக்கு 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் அரசு மூலதனம் கொடுத்தது. அது உங்களுடையதும் என்னுடையதுமான பணம். கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

பதில்கள் எப்படித் தயாராகின்றன என்பதைப் பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ‘பார்லிமென்ட் கேள்வி’ என்று தலைப்பிட்ட மின்னஞ்சல் கிளைக்கு வந்தால் மற்ற வேலைகள் நின்றுவிடும். கூடவே ஒரு அட்டவணை இருக்கும். மாலை நான்கு மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். ஒரு முறை ‘கடந்த மூன்று ஆண்டுகளில் போக்கெழுதிய தொகை’ என்று ஒரே ஒரு கட்டம் வந்தது. எங்கள் கிளையில் அதில் பெரும்பங்கு இரண்டே இரண்டு நிறுவனங்களுடையது, மீதி எல்லாம் தறிக்காரர்கள், பெட்டிக்கடைக்காரர்களுடையது. அதைச் சொல்ல அட்டவணையில் இடமில்லை. கேட்கப்பட்டதை நிரப்பி அனுப்பினோம். பதிலில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் வரவில்லை. கேள்வியில் இல்லாத கட்டம் பதிலில் வராது. அன்று முதல் நான் எந்தப் பதிலைப் படித்தாலும் முதலில் கேள்வியைப் படிக்கிறேன்.

தொலைக்காட்சியில் வரும் அரை நிமிடத் துண்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கேள்விகளில் இரண்டு வகை உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார். அதன்மேல் துணைக்கேள்விகள் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இருபது மட்டுமே பட்டியலில் வரும், அவற்றிலும் கேள்வி நேரம் முடிவதற்குள் சிலதான் எடுத்துக்கொள்ளப்படும். குறியில்லாத கேள்விகள் 230 வரை; அவற்றுக்கு எழுத்துமூலப் பதில் மட்டும். உருப்படியான எண்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் கிடைக்கின்றன. ஆனால் பதிலின் ஓட்டையைப் பிடிப்பது துணைக்கேள்வி. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஹரிதாஸ் முந்திராவின் நிறுவனப் பங்குகளில் போன விவகாரம் அவையில் ஒரு சாதாரணக் கேள்வியாகத்தான் தொடங்கியது. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே அதை விடாமல் துரத்தினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. ஒரு கேள்விக்கு இருக்கும் வலிமையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

பதிலை நீங்களே படிக்கலாம். நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் அவையைத் தேர்ந்தெடுத்து, கேள்விகள் பகுதியில் நிதி அமைச்சகம் என்று தேடினால் மூலப் பதில் கிடைக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். ஆனாலும் எண்களைப் படிக்க மொழி பெரிய தடையில்லை. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பொதுத்துறை வங்கிகள் மட்டுமா அல்லது எல்லா வணிக வங்கிகளுமா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். வாய்ச்சண்டைகளில் பாதி இந்த இரண்டும் மாறிப்போனதால் வருவது. கடன்காரர் வாரியான விவரம் கேட்டால், கடன் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்லும் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45ஈ பிரிவைக் காட்டி வெளியிட முடியாது என்ற பதில் அடிக்கடி வரும். ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று வந்தால் அதை மழுப்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படும். மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். இரு அவைகளிலும் அதைக் கண்காணிக்கக் குழு இருக்கிறது.

உங்கள் தொகுதி எம்.பி.க்கும் எழுதலாம். கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே எழுதுங்கள். ‘எவ்வளவு போக்கெழுதப்பட்டது’ என்று மறுபடியும் கேட்கச் சொல்லாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘ஒவ்வொரு நிதியாண்டிலும் போக்கெழுதிய கடனில், அந்தந்த ஆண்டின் தொகையிலிருந்து இதுவரை வசூலானது எவ்வளவு? 10 லட்சம் ரூபாய்க்குக் கீழ், 10 லட்சம் முதல் 5 கோடி வரை, 5 கோடிக்கு மேல் எனக் கடன் அளவு வாரியாகத் தரவும்.’ உங்களைப் போன்ற தறிக்காரரிடம் எவ்வளவு வசூலாகிறது, பெரிய நிறுவனத்திடம் எவ்வளவு வசூலாகிறது என்ற ஒப்பீடு அப்போதுதான் வெளியே வரும்.

இப்போது உங்கள் கடிதம். மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டாயம் போங்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே எழுதப்படும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடியாத தொகைக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். குறைத்த தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்கும் ஒருமுறைத் தீர்வை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. ஆனால் முழு ஒதுக்கீடு முடிந்த கணக்கில் வருவதெல்லாம் வங்கிக்கு லாபம் என்பதால், பேச இடம் நிச்சயம் உண்டு. வட்டியைக் குறைக்கக் கேளுங்கள், தவணை கேளுங்கள். தறிகள் ஈடாக இருப்பதால், பேசாமல் இருந்தால், நீதிமன்றம் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் சர்பாசி சட்டத்தின்படி, அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்து அவற்றைக் கைப்பற்ற வங்கிக்கு வழியிருக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யாராவது இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய பொறுப்பும் தொடர்கிறது. வசூல் முகவர்கள் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஏழு மணிக்குப் பின்போ உங்களை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

சமரசத் தொகையில் முடித்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் ‘சமரசம்’ என்றுதான் வரும், ‘முழுவதும் கட்டியது’ என்று வராது. விவசாயக் கடன் அல்லாதவற்றில், அதே வங்கியில் புதுக் கடனுக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். வாய்வார்த்தையை நம்பாமல், தொகையும் தேதியும் போட்ட ஒப்புதல் கடிதத்தை முதலில் வாங்குங்கள். கடைசித் தவணை கட்டிய நாளிலேயே நிலுவையில்லாச் சான்றையும், எட்டுத் தறிகள் மீதிருந்த ஈட்டுரிமையை வங்கி விடுவித்துவிட்டது என்ற கடிதத்தையும் மேலாளர் முத்திரையுடன் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.