டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன போர் மெடல்: கேள்வி பதில்

தரைப்படையில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஆறு வருஷம் ஜவான்களின் சர்வீஸ் காகிதங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் ஒன்றில் வேலை. "போரில் இருந்தேன், மெடல் ரெக்கார்டில் ஏறவில்லை, திருத்திக் கொடுங்கள்" என்று வரும் மனுக்கள்தான் என் மேசையில் அதிகம். அந்த விஷயமாக நம் ஆட்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விமானப்படை, கடற்படை நடைமுறை கொஞ்சம் வேறு. நான் சொல்வது தரைப்படைக் கணக்கு.

கேள்வி: சாப், நான் ஏ.எஸ்.சி. (ராணுவ சப்ளைப் பிரிவு) டிரைவர். 1971 போரில் எங்களில் சிலரை வேறொரு கம்பெனியோடு அட்டாச் செய்து (தற்காலிகமாக இணைத்து) திரிபுரா அனுப்பினார்கள். தர்மநகர் ரயில் முனையிலிருந்து தெலியாமுராவுக்கு அம்யூனிஷன் ஏற்றிப் போனேன். டிஸ்சார்ஜ் புக்கில் சங்ராம் மெடல் இருக்கிறது, பூர்வி ஸ்டார் இல்லை. மூன்று முறை எழுதிப் போட்டும் "ரெக்கார்டில் இல்லை" என்றே பதில். வயது 76. இனி கிடைக்குமா?

உங்கள் கதையில் "அட்டாச்" என்ற ஒரு சொல்லிலேயே காரணம் இருக்கிறது.

மெடல் எப்படி ரெக்கார்டில் ஏறுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு யூனிட்டில் பிரமோஷன், லீவு, கல்யாணம், பிள்ளை பிறந்தது என்று ஜவான் சம்பந்தப்பட்ட எல்லாமே பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட்டின் எழுத்துப்பூர்வ உத்தரவில் வர வேண்டும். மெடலும் அப்படித்தான். யூனிட் அந்த ஆர்டரைப் போட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பும். அங்கே உங்கள் ஷீட் ரோலில் (சர்வீஸ் பதிவுத் தாளில்) பதிவார்கள். ஓய்வு பெறும்போது அதிலிருந்துதான் டிஸ்சார்ஜ் புக் எழுதுவார்கள். ஆர்டர் வராவிட்டால் நீங்கள் டாக்கா வரை போய் வந்திருந்தாலும் காகிதத்தில் போகவில்லை.

சங்ராம் மெடலுக்கு 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரைக்குள் படையில் இருந்தாலே போதும். தாய் யூனிட் எல்லாருக்கும் மொத்தமாக ஆர்டர் போட்டிருக்கும். பூர்வி ஸ்டார் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு மட்டும். அதைப் போட வேண்டியது யார்? அட்டாச் செய்த கம்பெனி, "நம் ஆள் இல்லை, அவன் யூனிட் போட்டுக்கொள்ளும்" என்று விட்டிருக்கும். தாய் யூனிட்டோ "இங்கே இல்லாத ஆளுக்கு நாம் எப்படிப் போடுவது" என்று விட்டிருக்கும். இந்த இடுக்கில் விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் டிரைவர், சிக்னல் ஆபரேட்டர், நர்சிங் அசிஸ்டெண்ட், சமையல்காரர். போர் நேரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் உண்டு.

நீங்கள் மூன்று முறையும் மெடல் கேட்டிருப்பீர்கள். மெடலைக் கேட்டால் கிளார்க் ஷீட் ரோலைப் புரட்டுவான், இல்லை, "இல்லை" என்று எழுதி முடித்துவிடுவான். நானே அப்படி எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும். இந்த முறை இப்படிக் கேளுங்கள்: பூர்வி ஸ்டாருக்கு என் பெயரில் பார்ட் டூ ஆர்டர் போடப்பட்டதா? போட்டிருந்தால் அதன் எண், தேதி என்ன? போடவில்லை என்றால், இணைத்துள்ள ஆதாரங்களைப் பார்த்து இப்போது போட வேண்டுகிறேன். ஆதாரம் இருக்கும் மனுவுக்கு ஒற்றை வரியில் பதில் எழுத முடியாது.

ஆதாரத்துக்கு எங்கே போவது? வீட்டில் பழைய கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மனுவோடு ஒருவர் ஒரு இன்லண்ட் லெட்டர் இணைத்திருந்தார். அம்மாவுக்கு எழுதியது, மடிப்பில் கிழிந்து பின்னால் சோறு வைத்து ஒட்டியிருந்தது. அனுப்புநர் முகவரியில் அவர் நம்பர், ரேங்க், அட்டாச் செய்த கம்பெனியின் பெயர், கீழே "99 ஏ.பி.ஓ.", மேலே ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் முத்திரையில் 1971 டிசம்பர் தேதி. ஏ.பி.ஓ. என்பது ராணுவத் தபால் அலுவலகம். 56 ஏ.பி.ஓ. என்றால் மேற்கு, வடக்குப் பக்கம்; 99 என்றால் கிழக்கு. எந்த ஆபீஸரும் மறுக்க முடியாத சாட்சி அந்தக் கிழிந்த காகிதம்.

கடிதம் இல்லையா? உங்களோடு அட்டாச் ஆகிப் போனவர்களில் யாருக்காவது பூர்வி ஸ்டார் வந்திருக்கும். அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, "இவரும் என்னோடு இருந்தார்" என்று அவரிடம் அபிடவிட் வாங்குங்கள். வெறும் அபிடவிட்டுக்கு மதிப்புக் குறைவு. மெடல் ஏறிய பக்கத்தோடு வரும் அபிடவிட் வேறு கதை. அட்டாச் செய்த கம்பெனி இன்றும் இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

கேள்வி: ஐயா, தாத்தா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் டிரங்குப் பெட்டியில் நான்கு மெடல். விளிம்பில் பொறித்திருக்கும் நம்பரும் பென்ஷன் ஆர்டரில் உள்ள நம்பரும் வேறு வேறு. வேறு யாருடைய மெடலோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதே அம்மா. தாத்தா நாயப் சுபேதாராகவோ அதற்கு மேலோ ஓய்வு பெற்றாரா? ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷண்ட் ஆபீஸர்) ஆனதும் பழைய நம்பர் போய் "ஜே.சி." என்று தொடங்கும் புது நம்பர் வரும். சிப்பாயாக இருந்தபோது வாங்கிய மெடலில் பழைய நம்பர், பென்ஷன் ஆர்டரில் புது நம்பர். முதலில் ஓய்வு பெற்று அப்புறம் டி.எஸ்.சி.யில் (ராணுவ இடங்களைக் காவல் காக்கும் பிரிவு) சேர்ந்தவர்களுக்கும் இதே கதை. அங்கே தனி நம்பர், தனி ரெக்கார்ட் ஆபீஸ் (கண்ணூரில் இருக்கிறது). பழைய மெடல் பற்றி அங்கே கேட்டால் தெரியாது என்பார்கள். முதல் ரெஜிமெண்டின் ரெக்கார்டைத்தான் கேட்க வேண்டும்.

மெடலை பிராஸோ போட்டுத் தேய்க்காதே. விளிம்பு எழுத்து ஏற்கெனவே மெலிசு, தேய்த்தால் போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்து நம்பர், ரேங்க், பெயர், யூனிட் என்று அந்த வரிசையிலேயே எழுதிக்கொள்.

கேள்வி: அண்ணே, 1963-ல் சேர்ந்தேன், 1970-ல் வீட்டுச் சூழ்நிலையால் கேட்டு வாங்கி வெளியே வந்தேன். பென்ஷன் இல்லை. 1965-ல் பஞ்சாப் எல்லையில் இருந்தேன். ரக்ஷா மெடலும் சமர் சேவா ஸ்டாரும் வரவில்லை. "உங்கள் டாக்குமெண்ட் அழிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவுதானா?

பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருஷத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டியதில்லை. எனவே பொய் சொல்லவில்லை. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு. அதை அழிப்பதில்லை. சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி எல்லாம் அதில் ஒரு வரியாக இருக்கும்.

இப்போது யோசியுங்கள். 1965 ஆகஸ்ட் 5 அன்று படையில் இருந்து, அன்றைக்கு 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தால் ரக்ஷா மெடல். நீங்கள் 1963 ஆள். இரண்டு தேதியும் லாங் ரோலிலேயே இருக்கின்றன. வேறு காகிதமே தேவையில்லை! "லாங் ரோல் பதிவின்படி எனக்குத் தகுதி உண்டு, அதை வைத்து முடிவெடுங்கள்" என்று எழுதுங்கள். காகிதம் அழிந்தது என்பது இதற்குப் பதிலாகாது.

சமர் சேவா ஸ்டார் கஷ்டம். அதற்கு எல்லையில் இருந்த இடம் நிரூபணமாக வேண்டும். யூனிட் எங்கே இருந்தது என்று வார் டயரியில் (யூனிட்டின் போர்க்கால நாட்குறிப்பில்) இருக்கும். 25 வருஷம் கடந்தவற்றை வெளியே விடலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் கொள்கை வகுத்திருக்கிறது. ஆனால் டயரி யூனிட்டைத்தான் சொல்லும், சிப்பாய் பெயர் அபூர்வம். அதோடு உங்கள் பெயரைச் சேர்க்க மேலே சொன்ன கடிதமோ, கூட இருந்தவரின் பக்கமோ வேண்டும். முதலில் ரக்ஷாவை வாங்கிவிடுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கேட்டால் கடினமானதைக் காட்டிச் சுலபமானதையும் தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: மெடல் ஏறினால் பென்ஷன் கூடுமா?

கூடாது. போரில் இருந்ததற்கான மெடலுக்குக் காசு இல்லை. காசு வருவது வீர் சக்ரா, சேனா மெடல் போன்ற வீர விருதுகளுக்கு. அடுத்த கேள்வி மட்டும் விதிவிலக்கு மாதிரி, அதைக் கவனமாகப் படியுங்கள்.

கேள்வி: சாப், அமைதிப்படையில் இலங்கை போனேன். 1988-ல் கண்ணிவெடியில் இடது கால் பாதிப்பு. 1990-களில் சர்வீஸ் முடிந்துதான் வந்தேன். ஊன பென்ஷன் வருகிறது. சிறப்பு சேவை மெடல், இலங்கை கிளாஸ்போடு (ரிப்பனில் மாட்டும் பெயர்ப் பட்டை), ஏறியிருக்கிறது. காய மெடல் மட்டும் இல்லை. இதைக் கேட்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

விடவே கூடாது. உங்களுக்கு மெடல் ஒரு நூல் நுனிதான். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் பெரிய விஷயம் வரும்.

காய மெடல், இப்போது பராக்ரம் பதக் என்கிறார்கள், எதிரி நடவடிக்கையில் காயம்பட்டவருக்கு உரியது. உங்களுக்கு ஏறவில்லை என்றால் உங்கள் காயத்தை ரெக்கார்டில் "பேட்டில் கேஷுவாலிட்டி" என்று போடாமல் "ஃபிசிகல் கேஷுவாலிட்டி" என்று போட்டிருக்கலாம். முன்னது போரில் பட்ட காயம், பின்னது போர் அல்லாத காயம். மெடிக்கல் போர்டு அதைப் பார்த்து "பணியால் ஏற்பட்ட காயம்" என்று எழுதியிருக்கும், அதன்படி சாதாரண ஊன பென்ஷன். 100 சதவீத ஊனத்துக்குச் சாதாரண ஊனக் கூறு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயக் கூறு, உங்களைப் போல் சர்வீஸ் முடித்து வந்தவருக்கு, 60 சதவீதம். காயத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு முழுச் சம்பளமே கணக்கு. ஊனம் எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில் இரண்டும் இறங்கும். ஒரு சொல் மாறினால் இரண்டு மடங்கு.

ஆகவே முதலில் மெடல் மனு போடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி நான்கு நகல் கேளுங்கள்: யூனிட் அனுப்பிய முதல் கேஷுவாலிட்டி செய்தி, இஞ்சுரி ரிப்போர்ட் (ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற படிவம்), கோர்ட் ஆஃப் என்கொயரி நடந்திருந்தால் அதன் முடிவு, ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கை. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். இஞ்சுரி ரிப்போர்ட்டில் கமாண்டிங் ஆபீஸர் "போராளிகள் வைத்த கண்ணிவெடி" என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. வெளிநாட்டில் அமைதிப்படைப் பணியில் ஆயுதத் தாக்குதலில் பட்ட காயம் போர்க்காயப் பட்டியலில் இருக்கிறது. அந்த நகலை வைத்து வகைப்பாட்டைத் திருத்தி பார்ட் டூ ஆர்டர் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த மறுப்பு கிடைத்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் போகலாம், சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. தாமதத்துக்கு விளக்கம் கொடுத்து மன்னிக்கக் கேட்கவும் வழி உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனி கமாண்டர் எனக்கு வீர் சக்ராவுக்குப் பரிந்துரை எழுதினார். வரவில்லை. ரெக்கார்டைத் திருத்தி வாங்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போர் மெடல் உரிமை: தகுதி இருந்தால் கொடுத்தாக வேண்டும். வீர விருது அப்படியல்ல. பரிந்துரை படிப்படியாக மேலே போய், கெஜட்டில் வந்தால்தான் விருது. இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பரம் வீர் சக்ராவும் அந்த வழியில் வந்ததுதான். வழியில் நின்ற பரிந்துரை ரெக்கார்டில் பிழை ஆகாது. வருத்தம் நியாயம், மனு பலன் தராது.

கேள்வி: 2015 சென்னை வெள்ளத்தில் அப்பாவின் மெடல்கள் போய்விட்டன.

ரெக்கார்டில் ஏறியவை என்றால் டூப்ளிகேட் கேட்கலாம்.  தொலைந்ததற்கு போலீஸ் சான்றிதழ் இணையுங்கள்.

கேள்வி: ஒருவர் 8,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் மெடல் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

கடையில் வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பார். கண்டோன்மெண்ட் பஜாரில் எல்லா மெடலும் விற்கிறது. விளிம்பில் பெயர் இருக்காது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கக் காசு வாங்க மாட்டார்கள்.

கேள்வி: ஐயா, கணவர் பெயரில் விடுபட்ட மெடலுக்கு எழுதினேன். "உங்கள் பெயர் ரெக்கார்டில் செல்வி, நீங்கள் தமிழ்ச்செல்வி" என்று திருப்பிவிட்டார்கள்.

அம்மா, மெடல் கிடக்கட்டும், இதை முதலில் சரி செய்யுங்கள். பெயர் இப்படியே இருந்தால் அவருக்குப் பின் குடும்ப பென்ஷனில் சிக்கல் வரும். இந்தி பேசும் கிளார்க்குக்கு நம் பெயர்கள் பாதி புரியாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவான், நீளமான பெயரை வெட்டுவான். கணவர் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து அபிடவிட் கொடுத்து, ஆதார், பள்ளிச் சான்றிதழ் வைத்து, பெயர்த் திருத்தத்துக்குப் பார்ட் டூ ஆர்டர் வாங்குங்கள். ஸ்பர்ஷ் (ஆன்லைன் பென்ஷன்) கணக்கிலும் அதே எழுத்துகள் வர வேண்டும். மெடல் மனு அப்புறம்.

கேள்வி: தாத்தா மெடலைக் குடியரசு தினத்தில் நான் அணியலாமா? எந்தப் பக்கம்?

அணியலாம். சம்பாதித்தவருக்கு இடது மார்பு, வாரிசுக்கு வலது.