கடுங்குளிர்காலத்தில் கோழிக்கூட்டுக்கு வெப்பமூட்டி அவசியமா?

இறகு முழுமையாக வளர்ந்த, நோயற்ற கோழிகளுக்கு வெப்பமூட்டி தேவையில்லை என்பதே பல குளிர்காலங்கள் கோழி வளர்த்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகுகளைச் சிலிர்த்து அவற்றுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து, அந்த வெப்பத்தை வெளியே போகவிடாமல் அது காத்துக்கொள்கிறது. இறகில்லாத கால்களிலும்கூடக் கீழிறங்கும் சூடான இரத்தம், மேலேறும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுவதால் இழப்பு குறைகிறது.

உண்மையில் அஞ்ச வேண்டியது ஈரத்தைத்தான். குளிருக்குப் பயந்து, கோழிகளின் மீதுள்ள அக்கறையால், கூட்டின் எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிடுகிறோம். அப்போது இரவு முழுவதும் அவை விடும் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. கொண்டையும் தாடியும் உறைந்து கறுத்துப்போவதை இந்த ஈரம் விரைவுபடுத்துகிறது. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா, மூச்சுக்குழாயையும் கண்களையும் கெடுக்கிறது. எனவே கோழிகள் அமர்ந்திருக்கும்போது அவற்றின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டிய உயரத்தில் காற்றுப்போக்கி திறந்தே இருக்க வேண்டும். அவற்றின் மீது நேராக வீசும் காற்றை மட்டும் தடுத்தால் போதும். காலையில் சன்னலின் உட்புறம் நீர் கோத்திருந்தாலோ, உள்ளே தலையை நீட்டியதும் மூக்கு எரிந்தாலோ காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். ஆழ்கூள முறையில், அதாவது தரையில் தடிமனாகக் கூளம் பரப்பி வளர்க்கும் முறையில், கூளத்தை உலர்வாக வைத்து அவ்வப்போது கிளறிவிடுங்கள். அமரும் சட்டம் தட்டையாக, ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தால், கோழி தன் விரல்களை வயிற்றிறகால் முழுவதும் மூடிக்கொள்ளும்.

வெப்ப விளக்கை நான் எதிர்ப்பதற்கு முதற்காரணம் தீ. உலர்ந்த கூளமும் இறகுத்தூசியும் நிறைந்த இடத்தில், 250 வாட் விளக்கு ஒன்று கழன்று விழுந்தாலே கூடு முழுவதும் எரிந்துவிடும். மேலும், கதகதப்பிலேயே பழகிய கோழிகள், நள்ளிரவில் மின்சாரம் நின்றால் தாங்கிக்கொள்ளத் திணறும்.

விதிவிலக்குகள் உண்டு. குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நோயுற்றவை, கடுங்குளிரில் இறகு உதிர்ப்பவை, இறகிழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாத சில்க்கி இனம் ஆகியவற்றுக்கும் துணை வெப்பம் தேவைப்படலாம். அந்நிலையிலும் விளக்கைத் தவிர்த்து, சுவரில் உறுதியாகப் பொருத்தக்கூடிய, மேற்பரப்பு அதிகம் சூடாகாத தகட்டு வெப்பமூட்டியையே தேர்ந்தெடுங்கள். புதிதாகக் கோழி வாங்குவதாயின், பெரிய ஒற்றைக் கொண்டையுள்ள லெகார்னைவிட, கொண்டையும் தாடியும் மிகச் சிறுத்திருக்கும்படி கனடாவில் உருவாக்கப்பட்ட சாண்டிக்ளேர் இனம் கடுங்குளிருக்கு ஏற்றது.

குளிர்காலத்தில் முட்டை குறைவதற்குப் பெரும்பாலும் பகல் குறுகுவதே காரணம். ஆகவே வெப்பமூட்டி வைத்து அதைச் சரிசெய்துவிட முடியாது. உடலைச் சூடாக வைத்துக்கொள்ளக் கோழிகள் கூடுதலாகத் தின்னும் என்பதால் தீவனத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மின்சாரத்துக்குச் செலவிட விரும்பினால், அதைக் குடிநீர் உறையாமல் காக்கும் சூடேற்றிக்குச் செலவிடுங்கள். தண்ணீர் கிடைக்காத கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தையும் கூட்டுக்கு வெளியே, கூரையுள்ள ஓரிடத்தில் வைப்பது நல்லது. உள்ளே வைத்தால் அதுவே ஈரத்தைப் பெருக்கும்.